நிறுவனப் பட்டறையை நம்பலாமா?

உத்தியோகத்தை முன்னிட்டும் தொழிலை முன்னிட்டும் வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு சிறு கார் இருக்கிறது. வீட்டுக்கு அடுத்தபடியாகக் குடும்பச் சேமிப்பை மிகுதியாக விழுங்கும் பொருள் பெரும்பாலும் அதுவே. வீடு வாங்கியவர் ஆண்டுதோறும் அதைக் கட்டி விற்றவரிடம் சோதனைக்கு விடுவதில்லை. காரையோ விற்ற நிலையத்தின் பட்டறைக்கே திரும்பத் திரும்பக் கொண்டு செல்கிறோம். எது பழுது என்று சொல்பவரும் அங்கே இருப்பவரே; அதைத் தீர்ப்பவரும் அவரே; அதற்குப் பணம் பெறுபவரும் அவரே. நோயை நிர்ணயிக்கும் வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும் ஒருவராகவே இருக்கும்போது, நோயாளிக்குச் சிறிது ஐயம் எழுதல் இயல்பு.

‘கம்பெனி சர்வீஸ் என்றாலே கொள்ளை’ என்பார் ஒரு சாரார். ‘வெளியே விட்டால் வண்டி கெட்டுவிடும்’ என்பார் மற்றொரு சாரார். இரண்டும் அனுபவத்தில் பிறந்த கூற்றுகளே. ஆயினும் இரண்டும் பாதி உண்மைகள். வழக்கமான பராமரிப்புக்கு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையை நம்பலாமா, நம்புவதாயின் எந்த அளவுக்கு, எந்தக் காலம் வரையில் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில், இந்தப் பழக்கம் நமக்கு எவ்வாறு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அம்பாஸடரும் ஃபியட்டும் நம் சாலைகளை ஆண்ட காலத்தில் கார் வைத்திருப்போர் சிலரே. அவ்வண்டிகளின் அமைப்பு எளியது. ஊருக்கு ஒரு மெக்கானிக் இருப்பார். அவர் மரத்தடியிலேயே எஞ்சினைப் பிரித்துக் கோத்துவிடுவார். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் நிலைமை மாறியது. விற்பனை நிலையமும் பராமரிப்புப் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் அமையும் முறை நாடெங்கும் பரவிற்று. பின்னர் எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையை எலெக்ட்ரானிக் கருவிகள் ஏற்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு நெறி நடைமுறைக்கு வந்தபோது, வண்டிக்குள் உணரிகளின் எண்ணிக்கை மேலும் பெருகியது. இன்று ஒரு கோளாற்றைக் கண்டறியக் காதும் கையும் மட்டும் போதா. கணினிக் கருவியை இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கருவியும் அதற்குரிய பயிற்சியும் நிறுவனப் பட்டறையில் உறுதியாகக் கிடைக்கின்றன. நம்பிக்கை அங்கே குவிந்ததற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். கோளாற்றைக் கண்டறிதல் வேறு; வழக்கமான பராமரிப்பு வேறு. பின்னது பெரும்பாலும் எண்ணெய் மாற்றுதல், வடிகட்டிகளைத் துப்புரவு செய்தல் அல்லது மாற்றுதல், பிரேக் கட்டைகளின் தேய்மானத்தை அளத்தல், திரவங்களின் மட்டத்தைப் பார்த்தல், டயர்களை இடம் மாற்றிப் பொருத்துதல் ஆகிய எளிய வேலைகளே. எந்த வேலை எப்போது செய்யப்பட வேண்டும் என்பதைப் பட்டறை தீர்மானிப்பதில்லை. வண்டியைச் செய்த நிறுவனமே தீர்மானித்து, உரிமையாளர் கையேட்டில் அட்டவணையாக அச்சிட்டுத் தந்திருக்கிறது. அந்த நூல் நம்மில் பலருடைய வண்டியில், முன்பெட்டிக்குள், உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது!

அவ்வட்டவணையைத் திறந்து பார்ப்பவர் ஓர் உண்மையை உணர்வர். பல கையேடுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஐ’ என்ற எழுத்து ‘சோதித்துப் பார்க்க’ என்பதைக் குறிக்கும். தேவை ஏற்பட்டால் மட்டுமே துப்புரவோ மாற்றமோ செய்யலாம் என்பது அதன் பொருள். ‘ஆர்’ என்ற எழுத்து ‘மாற்றுக’ என்பதைக் குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விரண்டு எழுத்துகளும் மிகுந்த பொருள் பொதிந்தவையாகத் தோன்றுகின்றன. நிறுவனப் பட்டறைகளைப்பற்றி எழும் மனக்குறைகளில் பெரும்பகுதி, ‘சோதிக்க’ என்றிருப்பதைப் பட்டறை ‘மாற்றுக’ என்று மொழிபெயர்த்துக் கொள்வதில்தான் பிறக்கிறது.

ஓர் உதாரணம் சொல்வேன். என் அலுவலக நண்பர் ஒருவர், முதலாண்டுப் பராமரிப்புக்குப் பின் பெற்ற ரசீதை என்னிடம் காட்டினார். அதில் 11 இனங்கள் இருந்தன. கையேட்டை எடுத்துவரச் சொல்லி இருவரும் ஒப்பிட்டோம். அவ்வாண்டுக்கு மாற்றும்படி அட்டவணை கூறியவை எஞ்சின் எண்ணெய், அதன் வடிகட்டி, வடிகுழாய் வளையம் ஆகிய 3 மட்டுமே. காற்று வடிகட்டிக்கு ‘சோதிக்க’ என்றே இருந்தது, அதுவோ மாற்றப்பட்டிருந்தது. மற்றவை எஞ்சினுக்குள் கழுவுதல், எஞ்சின் மேற்பூச்சு, குளிர்சாதனக் கிருமி நீக்கம் முதலிய பெயர்களைத் தாங்கியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட அட்டவணையில் இல்லை. எதையும் அவர் அறியாமல் செய்துவிடவில்லை. நடுப்பகலில் தொலைபேசி வந்தது. அவர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தவாறே ‘சரி’ என்றார். அந்த ஒரு சொல் ரசீதின் பாதியை நிரப்பியிருந்தது.

பட்டறைக்காரர் இவ்வாறு செய்வது ஏன்? இதைத் தீய எண்ணம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. புதிய கார் விற்பனையில் விற்பனையாளருக்குக் கிட்டும் இலாபம் குறுகியது. போட்டியினால் தள்ளுபடிகளும் தர வேண்டியிருக்கிறது. நிலையத்தை நிலைநிறுத்துவதில் பராமரிப்பும் உதிரிப் பாகங்களும் பெரும்பங்கு வகிக்கின்றன. நம்மை வரவேற்று வண்டியைப் பெற்றுக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் பெயரளவில் ஆலோசகர். நடைமுறையில் விற்பனையாளரும் ஆவார். மாதந்தோறும் இன்ன அளவுக்கு வரவு காட்ட வேண்டும் என்னும் இலக்கு அவருடைய தலையின்மேல் பல இடங்களில் தொங்குகிறது. ஆகவே அவர் கூறும் ஆலோசனையை வெறுக்கவும் வேண்டா. வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. இலக்கு உடையவரின் சொல் என்று அறிந்து கேட்டால் போதும்.

அட்டவணைக்குப் புறம்பான சேவைகள் அனைத்தும் வீண் என்று கூறுவதும் நேர்மையாகாது. அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு பூசுவதை எடுத்துக்கொள்வோம். இக்கால வண்டிகளின் உடற்கூட்டுக்குத் தொழிற்சாலையிலேயே துருவைத் தடுக்கும் பூச்சு இடப்படுகிறது. வறண்ட காற்றுடைய நாகபுரியிலோ ஜெய்ப்பூரிலோ வாழ்பவருக்கு மேற்கொண்டு பூச்சு அத்தனை அவசியமன்று. கடற்காற்றும் பெருமழையும் உள்ள மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ வாழ்பவருக்கு அது ஓரளவு பயன்படலாம். காற்று வடிகட்டியும் அவ்வாறே. பல பெட்ரோல் கார்களில் அது 40,000 கிலோமீட்டர் அளவில்தான் மாற்றத்தக்கது. ஆயினும் புழுதி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்ற நேரிடும் என்று கையேடே எச்சரிக்கிறது. கேள்வி ‘இது நல்லதா?’ என்பதன்று, ‘என் வண்டிக்கு, என் ஊரில், இப்போது தேவையா?’ என்பதே.

இவ்விடத்தில் வடநாட்டில் வாழும் நம்மவர்க்கு ஒரு மொழிக் குறிப்பு. ‘கரா லீஜியே, அச்சா ரஹேகா’ என்று அட்வைசர் சொன்னால், ‘செய்துவிடுங்கள், நன்றாக இருக்கும்’ என்பதே பொருள். ‘அவசியம்’ என்று அவர் கூறவில்லை. ‘ஜரூரி ஹை க்யா?’ என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். ‘ஜரூரி’ என்று விடை வந்தால், காரணத்தை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி பணிவுடன் கோரலாம். எழுத நேரும்போது பல அவசியங்கள் தாமாகவே விலகிவிடுவதைக் காண்பீர்கள். இந்தியில் சரளமில்லாதவர்கள் தயக்கத்தினால் தலையசைத்து விடுவது வழக்கம். பேச்சில் தயக்கம் உள்ளவருக்கு எழுத்தே துணை. தேவையான வேலைகளை வீட்டிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு, ‘இவற்றுக்குமேல் எதுவும் என் எழுத்துமூலமான சம்மதமின்றிச் செய்ய வேண்டா’ என்று கைப்பேசிச் செய்தியும் அனுப்பிவிட்டால், மொழித் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

இனி, நிறுவனப் பட்டறையின் உண்மையான நன்மைகளைக் கூறாமல் விடலாகாது. வெளி மாநிலத் தமிழருக்கு அவை மற்றவரைவிட அதிகமாகவே பயன்படுகின்றன. முதலாவது, பதிவேடு. இன்று டெல்லி, இரண்டாண்டில் நாகபுரி, அதன்பின் சென்னை என்று இடமாற்றம் பெறுவோரின் வண்டிக்கு எங்கே, எப்போது, என்ன செய்யப்பட்டது என்னும் வரலாறு நிறுவனத்தின் கணினியில் தொடர்ந்து இருக்கும். எந்த ஊர்ப் பட்டறையும் அதைப் பார்க்கலாம். வண்டியை விற்கும்போதும் அவ்வரலாற்றுக்கு விலை உண்டு. இரண்டாவது, வாரன்டி. டெல்லியில் வாங்கிய வண்டியின் பழுதைத் திருச்சியில் இலவசமாகத் தீர்த்துக்கொள்ள இயலும். ஆண்டு விடுமுறையில் தேசிய நெடுஞ்சாலை 44-இன் வழியே குடும்பத்தோடு ஊருக்கு வண்டியோட்டி வருவோர்க்கு இதன் அருமை புரியும். மூன்றாவது, திரும்ப அழைத்தல். ஒரு பாகத்தில் உற்பத்திக் குறை கண்டறியப்பட்டால், நிறுவனம் வண்டிகளை அழைத்து அதை இலவசமாகச் சரிசெய்கிறது. முன்பு தாமாக முன்வந்து செய்யப்பட்டதற்கு, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவு சட்ட வலிமை தந்தது. இவ்வேலை வெளிப் பட்டறையில் நடவாது. முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறியவுடன் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, இடம் மாறி வாழ்வோரின் முதற்கடமை. இல்லையேல் அழைப்புக் கடிதம் பழைய வீட்டு வாயிலோடு நின்றுவிடும்.

‘வெளியே ஒருமுறை எண்ணெய் மாற்றினால் வாரன்டி முழுவதும் போய்விடும்’ என்னும் பயமுறுத்தல் பரவலாகக் கேட்கப்படுகிறது. இதைப்பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் ஒரு முக்கியமான ஆணையை வழங்கியது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தனர் என்று கண்டு, 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையை நாடிய ஒரே காரணத்துக்காக வாரன்டி முழுவதையும் ரத்துச் செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளி வேலையின் குறையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றும் பணித்தது. நிறுவனங்கள் இதனை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆணையின் கொள்கை நுகர்வோருக்குச் சாதகமானதே. எனினும், எந்தச் சேதம் எதனால் நேர்ந்தது என்று வாதாடிக்கொண்டு நிற்கும் நிலையை ஒரு சம்பளக்காரர் விரும்பமாட்டார். ஆகையால் வாரன்டி உள்ளவரை வழக்கமான பராமரிப்பை நிறுவனப் பட்டறையிலேயே செய்துகொள்வது விவேகம். அங்கே அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்துகொள்வது அதனினும் விவேகம். இலவசப் பராமரிப்பு என்பது கூலிக்கு மட்டுமே இலவசம் என்பதையும், எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் விலையுண்டு என்பதையும் முன்னரே அறிந்திருப்பின் ஏமாற்றம் நேராது.

வாரன்டி முடிந்தபின் கணக்கு மாறுகிறது. எண்ணெய், வடிகட்டி, பிரேக் கட்டை முதலிய வேலைகளைத் தேர்ந்த வெளி மெக்கானிக் குறைந்த கூலியில் செவ்வனே செய்துவிடுவார். வேலை நம் கண்முன் நடக்கும். செய்பவரோடு நேரில் பேசலாம். நிறுவனப் பட்டறையிலோ வண்டியைத் தொட்டவர் யாரென்றுகூட நாம் அறிவதில்லை. அனுபவமில்லாத பயிலுநரின் கையிலும் அது ஒப்படைக்கப்படலாம்.

ஆயினும் வெளிப் பட்டறைக்கும் ஆபத்துகள் உண்டு. அவற்றில் தலையானது போலிப் பாகம். டெல்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆகியவை மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன கடைவீதிகள். இத்தகைய வீதிகளில் நல்ல சரக்கும் உண்டு. நல்லது போன்ற சரக்கும் உண்டு. கதவின் கைப்பிடி போலியானால் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக் கட்டை போலியானால் உயிருக்கே கேடு. அடுத்தது எண்ணெயின் தரம். இக்காலச் சிறு எஞ்சின்கள் பல மெல்லிய எண்ணெயை வேண்டுகின்றன. பழைய வண்டிகளுக்கு வழங்கிய கெட்டியான எண்ணெயை ஊற்றினால் உடனே தீங்கு தெரியாவிடினும், எஞ்சின் உரிய வண்ணம் இயங்காது. கையேட்டில் குறித்த தரத்தைப் படித்து, முத்திரை உடையாத டப்பாவை நம் கண்முன் திறக்கச் சொல்வதே காப்பு. மூன்றாவது, ரசீது. ரசீதில்லாத வேலைக்கு ஆதாரமில்லை; ஆதாரமில்லாத குறைக்குப் பரிகாரமுமில்லை.

இவற்றையெல்லாம் நடைமுறை விதிகளாகச் சுருக்கிச் சொல்கிறேன். வண்டியை விடுமுன், கையேட்டின் அட்டவணையில் அந்தக் கிலோமீட்டருக்கும் அந்தக் காலத்துக்கும் உரிய வரியைப் பாருங்கள். பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுவே எண்ணெய் மாற்றும் தவணை. குறைவாக ஓட்டுபவர்கள் ஓராண்டுக் கணக்கை மறந்துவிடலாகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக்கை அழுத்தும்போது அது கைவிடக்கூடும். பல வண்டிகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான். மெருகுப் பூச்சுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிரேக் ஆயிலைத் தள்ளிப்போடுவது சிக்கனமன்று.

வண்டியை விடும்போது, எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். பல நிறுவனங்கள் ஒவ்வொரு தவணைக்கும் ஆகும் உத்தேசக் கட்டணத்தைத் தம் இணையதளத்திலேயே வெளியிட்டுள்ளன. அதை வைத்து ஒப்பிடலாம். ஓடிய கிலோமீட்டரையும் எரிபொருள் அளவையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். மாற்றப்பட்ட பழைய பாகங்களைக் காட்டும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வேண்டுகோளே பல வீண் மாற்றங்களைத் தடுக்கும். திரும்பப் பெறும்போது, ரசீதை எஸ்டிமேட்டோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். பாகத்தின் உறையில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் வாங்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். சேர்க்கப்படும் ஒவ்வோர் இனத்துக்கும் சரக்கு மற்றும் சேவை வரியும் கூடவே ஏறுகிறது. கூலிக்கு அவ்வரி 18 சதவீதம். பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அக்குறைப்பு ரசீதில் பிரதிபலிக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கதே.

இத்தனைக்குப் பிறகும் அநீதி நேர்ந்தால் என் செய்வது? முதலில் பட்டறையின் மேலாளருக்கும், அடுத்து நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கே பயனில்லையெனில் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அங்கு 17 மொழிகளில் பேசலாம். அவற்றுள் தமிழும் ஒன்று. கௌஹாத்தியில் இருந்தாலும் போபாலில் இருந்தாலும், நம் குறையை நம் தாய்மொழியிலேயே எடுத்துரைக்க வழியிருப்பது ஆறுதல் தருவதாகும். அதற்கும் மேற்பட்டு வழக்காட நேர்ந்தால், 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு ஒரு பேருதவி புரிந்திருக்கிறது. வண்டியை வாங்கிய ஊரிலோ பட்டறை உள்ள ஊரிலோதான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் தொடரலாம். விடுமுறையில் மதுரையில் வண்டியை விட்டு ஏமாந்தவர் புனேயிலிருந்தே நியாயம் கேட்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும். ரசீது தர மறுப்பதே முறையற்ற வாணிபம் என்று அச்சட்டம் கூறுகிறது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. நிறுவனப் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்துக்கும் அதுவே விதி. அளவுகோல் வேறெங்கும் இல்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. வாரன்டிக் காலத்தில் நிறுவனப் பட்டறையை நம்புங்கள். அட்டவணையின் எல்லைக்குள் நம்புங்கள். வாரன்டி முடிந்தபின், கணினிச் சோதனைக்கும் சிக்கலான பழுதுகளுக்கும் அங்கே செல்லுங்கள். எளிய வேலைகளுக்கு, அசல் பாகமும் ரசீதும் தருகின்ற நேர்மையான மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை வருமுன் இன்று மாலையே முன்பெட்டியைத் திறந்து, அந்தக் கையேட்டின் உறையைப் பிரியுங்கள். அரைமணி நேரம் செலவிட்டு அட்டவணையின் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டால், அடுத்தமுறை தொலைபேசி ஒலிக்கும்போது எதற்குச் ‘சரி’ சொல்வது, எதற்கு ‘வேண்டா’ என்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.